ஏ 9 தெரிகிறது, லயத்துக்கு ஏறும் வீதி தெரிகிறதா?



வீதி மூடப்பட்டிருந்தால் இனி கூகுள் வரைபடமே சொல்லிவிடும் என்ற செய்தியை நம்மில் பலரும் பகிர்ந்திருந்தோம். டித்வா சூறாவளிக்குப் பிறகு, 2025 டிசம்பர் இறுதியில், முன்னோடித் திட்டமாக இது தொடங்கப்பட்டது. மண்சரிவு, வெள்ளம், திருத்த வேலை என எதனால் வீதி தடைப்பட்டாலும், வீதி அபிவிருத்தி அதிகார சபை தரும் தகவல் நம் கைப்பேசித் திரையில் தெரியும். நல்ல விடயம். மனதார வரவேற்கிறோம்.

ஆனால் எந்த வீதிகள் என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள். நாடு முழுவதற்கும் சுமார் 12,000 கிலோமீற்றர். எங்கள் மாவட்டத்தில் கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ 9 அதில் வரும். சீ, டீ தர வீதிகள் மாகாண சபையின் பொறுப்பு. அதற்கும் கீழே பிரதேச சபை வீதி, தோட்ட வீதி, ஆற்றோரத்துக் கொங்கிறீற்றுப் பாதை. நவம்பர் 27, 28 இரவுகளில் கம்மடுவப் பக்கம் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரைத் தாண்டி மழை கொட்டியபோது மலைக்கிராமங்கள் துண்டிக்கப்பட்டது இப்படியான வீதிகளில்தான். ஏ 9 அடைபட்டால் தொலைக்காட்சியிலேயே சொல்லிவிடுவார்கள். இரத்தோட்டைக்கு மேலே, எல்கடுவைக்கு மேலே ஒரு லயத்துக்கு ஏறும் வீதி உடைந்தால் யார் சொல்வது?

பெயர்ப் பிரச்சினையும் இருக்கிறது. மலையகத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், அங்கே வாழும் மக்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். வரைபடத்தில் இருப்பது முதலாவது. தமிழில் பார்த்தாலோ, பல இடங்களில் ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே மாற்றிய தமிழ். ஊர்க்காரனுக்கே தன் ஊர்ப் பெயரை வாசிக்க முடியாது. இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நள்ளிரவில் 1990க்கு அழைக்கும் ஒரு தாய் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் சொல்லுவாள். அம்புலன்ஸ் சாரதியின் திரையில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் நிமிடங்கள் போய்விடும்.

நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கிய நாடு இது. தரவு இல்லாத நாடு அல்ல. மண்சரிவு அபாய வலயங்களை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கனவே வரைந்து வைத்திருக்கிறது, மாத்தளையும் அதில் அடக்கம். ஆனாலும் மழைக்காலத்தில் நமக்கு வந்து சேர்வது "உக்குவெல பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை" என்ற ஒரு வரி. உக்குவெல என்றால் எது? ஊரா, வரக்காமுறையா, மேலே தேயிலை மலையா? சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எல்லோரும் வெளியேற வேண்டும் என்று கேட்கிறவர், கடைசியில் யாரும் வெளியேறத் தேவையில்லை என்று முடிவெடுத்துவிடுகிறார். அந்த அபாய வலயமும் மூடிய வீதியும் ஒரே வரைபடத்தில், தமிழிலும் சிங்களத்திலும், வீட்டைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு வர வேண்டும். கூகுளோடு உடன்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, தன் இரு நிறுவனங்களை ஒரு மேசைக்குக் கொண்டுவருவது பெரிய காரியமா?

இன்னொன்று, மின்சாரம் போய், கோபுரம் செத்து, சிக்னல் இல்லாத அந்த நாட்களில் எந்த வரைபடமும் திரையில் வரவில்லை. இணையம் இல்லாமல் பார்க்க வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இப்போதே செய்து வையுங்கள். பள்ளிவாசலிலும் கோவிலிலும் விகாரையிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒரு கடதாசி வரைபடம் சுவரில் தொங்கட்டும். அது சார்ஜ் கேட்காது.

பாடசாலைப் பக்கமும் வருவோம். இடவிளக்கப் படம் என்று கற்பிக்கிறோம். பிள்ளைகள் சமவுயரக் கோடு நெருங்கினால் சரிவு செங்குத்து என்று எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நாங்கள் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்திலும் அந்தப் படம் எங்கோ ஓர் ஊரின் படமாகத்தான் இருந்தது. பழைய லக்கல நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. பழைய படத்தில் ஊர் இருக்கும், புதியதில் தண்ணீர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு பாடவேளை போதாது, பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் யாரும் வீதியையும் பெயரையும் சேர்க்கலாம், செலவு இல்லை. 10ஆம் தரப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பாதைகளை நடந்து பார்த்து, மூத்தவர்களிடம் சரியான பெயரைக் கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பதியலாம். கூகுளுக்கும் திருத்தம் அனுப்பலாம், அது எப்போது ஏற்கப்படும் என்பது அவர்கள் கையில். வீட்டு எண், ஆட்களின் பெயர் எதையும் போடவேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சீ, டீ வீதிகளையும் தோட்ட வீதிகளையும் திட்டத்தில் சேர்க்கும்படி மாகாண சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் ஒரு கடிதம் தயார் செய்கிறோம். கலேவெல, மஹவெல, உக்குவெல, இரத்தோட்டைப் பக்க ஆசிரியர்கள், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், சிங்களப் பாடசாலை நண்பர்கள் எல்லோரும் கையொப்பமிட்டால் நல்லது. மழையில் உங்கள் பக்கம் எந்தப் பாதை முதலில் உடையும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்தப் பட்டியலையும் இணைத்து, ஒக்டோபர் மழைக்கு முன் கொடுக்க வேண்டும்.