தலைக்குள் கட்டி... அவரிடம் யார் சொல்வது?

மூளையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் பல தமிழ் வீடுகளில் எடுக்கப்படும் முதல் முடிவு சிகிச்சை பற்றியது அல்ல. "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்பதுதான்! மகன் டாக்டரைத் தனியாகப் பார்க்கிறான். ரிப்போர்ட் பீரோவுக்குள் போகிறது. அப்பா கேட்டால், "சின்ன ரத்தக்கட்டுப்பா, மாத்திரையில கரைஞ்சிடும்" என்று பதில். எல்லாம் பாசத்தால்தான். ஆனால் பாசத்தால் செய்தாலும் தவறு தவறுதான்.

மூளைக்கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. மெனிஞ்சியோமா என்ற வகை பெரும்பாலும் சாதுவானது. ஆனால் கிளியோபிளாஸ்டோமா அப்படி இல்லை. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் கொடுத்தாலும் ஒன்றரை வருடத்தைத் தாண்டுபவர்கள் பாதிக்கும் குறைவு. இதே நோய் அமெரிக்காவின் மூன்று பிரபல அரசியல் குடும்பங்களுக்கு வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்?

எட்வர்ட் கென்னடிக்கு 2008 மே மாதம் திடீரென்று வலிப்பு வந்தது. மூன்றே நாளில் மூளைக்கட்டி என்று உலகத்துக்கே அறிவிக்கப்பட்டது. ஜூனில் ஆபரேஷன். ஜூலையில் செனட்டுக்கு வந்து மெடிகேர் மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார்! தன் வாழ்க்கை வரலாற்றையும் முடித்தார். 2009 ஆகஸ்ட் 25-ல் இறந்தார்.

ஜான் மெக்கெய்னுக்கு 2017 ஜூலையில் தெரிந்தது. அறிவிப்பு வந்து ஒரு வாரத்துக்குள் செனட்டில் நின்றார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் முயற்சிக்கு எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டி ஓட்டளித்தார். தன் இறுதிச் சடங்கில் யார் பேச வேண்டும் என்பதைக்கூட அவரே முடிவு செய்தார். அவர் இறந்ததும் ஓர் ஆகஸ்ட் 25, 2018-ல்.

மூன்றாவது, ஜோ பைடனின் மகன் போ பைடன். 2013-ல் நோய் தெரிந்தது, 2015 மே 30-ல் தன் 46-வது வயதில் இறந்தார். இந்தக் குடும்பம் ஊருக்கு விவரம் சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும். பணத்தைப் பற்றியும் யோசித்தார்கள். மகன் அட்டர்னி ஜெனரல் வேலையை விட நேர்ந்தால் சம்பளம் போய்விடுமே என்று, அன்று துணை ஜனாதிபதியாக இருந்த அப்பா வீட்டையே விற்க நினைத்தார். "விற்காதீர்கள், நான் பணம் தருகிறேன்" என்றாராம் ஒபாமா. துணை ஜனாதிபதி வீட்டிலேயே இந்தக் கணக்கு என்றால் மாதச் சம்பளக்காரர் வீட்டில்?

"உண்மை தெரிந்தால் இடிந்துபோவார்" என்பார்கள். தலைமுடியை வழித்து, கதிர்வீச்சு மிஷினில் படுக்க வைத்து, சமையலறையில் கிசுகிசுத்தால் அவருக்குப் புரியாதா என்ன? புரிகிறது... ஆனால் கேட்க முடியாது. பயத்தைத் தனியாகச் சுமக்கிறார். வீட்டில் எல்லோரும் நடிக்கிறார்கள், அவரும் சேர்ந்து நடிக்கிறார். இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

மற்ற நோய்களில் தள்ளிப்போடலாம். இதில் முடியாது. கட்டி வளரும் இடத்தைப் பொறுத்துப் பேச்சு, ஞாபகம், யோசிக்கும் சக்தி எதுவும் போகலாம். "அப்புறம் சொல்லிக்கலாம்" என்று காத்திருந்தால், சொல்லும்போது பதில் சொல்ல அவரால் முடியாமல் போகலாம். பேங்க் நாமினி, இன்ஷூரன்ஸ், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும் கணக்கு. அதைவிட முக்கியம், இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா, வீட்டிலேயே இருக்கலாமா என்பது. அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கொட்டச் சொல்லவில்லை. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று முதலில் கேட்கலாம். வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவு. கேட்காமலே வேண்டாம் என்று முடிவு செய்ய மற்றவர்கள் யார்?

உயிரைக் காப்பாற்றுவது டாக்டர் கையில்கூட இல்லாமல் போகலாம். மிச்சமிருக்கும் நாட்களில் மனுஷனிடம் உண்மையாகப் பேசுவது குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.