உங்க கடைதானே, லீவு எடுத்துக்கலாமே?

கொஞ்சம் நீளமான த்ரெட். பிரசவம் முடிஞ்சு சொந்தமா கடை நடத்துற பெண்களுக்காக எழுதுறேன். அவங்க வீட்டு ஆண்களும் மாமியார்களும் படிச்சா இன்னும் நல்லது.

மாதவரத்தில் என் க்ளினிக்குக்குப் போன மாசம் ஒரு பெண் வந்தாங்க. சிசேரியன் ஆகி 34-வது நாள். 103 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம். இடது மார்பு சிவந்து, கல்லு மாதிரி இறுகி இருந்தது. தொட விடலை.

பால் கட்டிக்கிட்டதுதான். எப்படின்னு கேட்டேன். "நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் கடையில இருக்கேன் டாக்டரம்மா. நடுவுல எந்திரிக்க முடியாது."

எப்பலேர்ந்து கடைக்குப் போறீங்க?

"21 நாள்லேர்ந்து."

அவங்க நடத்துறது இட்லி மாவுக் கடை. ராத்திரி அரைச்சு, விடியற்காலையில பாக்கெட் போட்டு, ஒன்பது மணிக்குள்ள வித்துடணும். மத்தியானம் மறுபடி அரிசி ஊறப்போடணும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வயித்துல தையல் போட்டு மூணு வாரத்துல கிரைண்டர்லேர்ந்து மாவு வழிச்சு, 20 கிலோ டப்பாவைத் தூக்கியிருக்காங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு நாங்க சொல்றது, ஆறு வாரத்துக்கு உங்க குழந்தையை விட கனமான எதையும் தூக்காதீங்கன்னு. டிஸ்சார்ஜ் சீட்டுலயும் எழுதியிருந்தது. அதைப் படிச்சுச் சொல்ல டாக்டர் இருக்காங்க. டப்பாவைத் தூக்கத்தான் ஆள் இல்லை.

இந்த இடத்தில் எல்லாரும் கேக்குற கேள்வியை நானும் கேட்டேன். வெக்கமா இருக்கு, ஆனா கேட்டேன். "உங்க கடைதானேம்மா, ரெண்டு மாசம் மூடியிருக்கலாமே?"

அவங்க சிரிச்சாங்க. "மூடுனா கஸ்டமர் மூலக்கடை பக்கம் போயிடுவாங்க, திரும்ப வரமாட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல டாக்டரம்மா. திங்கக்கிழமை தவணைக்கு யார் லீவு குடுப்பா?"

டில்டிங் கிரைண்டர் வாங்கக் குழுவில் கடன் எடுத்திருக்காங்க. வாரம் 1,150 ரூபாய். ஒருத்தி கட்டலைன்னா மத்த பெண்கள் சேர்ந்து போட்டுக் கட்டணும். பிரசவமான வாரமும் கட்டியிருக்காங்க. ஆஸ்பத்திரியிலிருந்து.

அந்தப் பதில் வந்தப்புறம் நான் வாயைத் திறக்கலை. ஏன்னா நானும் கடை வச்சிருக்கறவதான். போர்டுல க்ளினிக்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். என் ரெண்டாவது குழந்தை பிறந்து 45-வது நாள் க்ளினிக்கைத் திறந்தேன். வாடகையும் ஸ்கேன் மெஷின் இ.எம்.ஐ-யும் காத்திருக்கலை. அப்போ என்னை எல்லாரும் "சூப்பர் மாம்"னு சொன்னாங்க. அந்தப் பெண்ணைக் கேட்டா, "பச்சை உடம்போட கடைக்கு ஓடுறா, காசாசை"ன்னு தெருவுல பேசுறாங்களாம்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2017 திருத்தத்துக்கு அப்புறம் 10 பேருக்குக் குறையாம வேலை செய்யற நிறுவனத்துல இருக்கும் பெண்ணுக்கு முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாசம். ரெண்டுமே நல்ல விஷயம், எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனா தானே முதலாளி, தானே தொழிலாளின்னு இருக்கறவளுக்கு விடுப்புன்னு ஒண்ணு எழுதப்படவே இல்லை.

தகுதி உள்ளவங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்குது. கண்டிப்பா பதிவு பண்ணி வாங்குங்க. ஆனா அது தவணைத் தவணையா வரும். திங்கக்கிழமை திங்கக்கிழமையா வராது. குழந்தையை அங்கன்வாடியில விட்டுட்டு வரலாம்னா அதுக்கு ரெண்டு வயசாகணும்.

"சொந்தத் தொழில்னா குழந்தையையும் பார்த்துக்கிட்டு, நம்ம இஷ்டத்துக்கு வேலை செய்யலாம்"னு இன்ஸ்டாகிராம்ல தினமும் ஒருத்தர் சொல்றாங்க. குழந்தைக்கு அஞ்சு வயசானப்புறம் அது ஓரளவு உண்மை. முதல் ஆறு மாசத்துல சுத்தப் பொய். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேக்குற குழந்தையும், அஞ்சு மணிக்குக் கதவைத் தட்டுற கஸ்டமரும் உங்க இஷ்டத்தைக் கேட்டுட்டு வர்றதில்லை.

உடனே யாராவது பாட்ரிசியா நாராயண் கதையைச் சொல்வாங்க. நானும் அவங்களோட ரசிகைதான். ரெண்டு குழந்தைகளோட, 1982-ல் மெரினாவில் தள்ளுவண்டிக் கடை போட்டாங்க. முதல் நாள் வித்தது ஒரே ஒரு காபி, 50 காசு. 2010-ல் ஃபிக்கியின் பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினாங்க. மேடையில இந்த ரெண்டையும்தான் சொல்வாங்க.

நடுவுல உள்ளதை அவங்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. கணவரோட பிரச்சினையில திரும்பி வந்தப்போ பெத்தவங்க வீடு கதவைத் திறந்தது. ஊறுகாயும் ஜாமும் செய்ய முதல் சில நூறு ரூபாய் கொடுத்தது அம்மா. அதைத் தன் ஆபீஸ்ல வித்துக் கொடுத்ததும் அம்மா. ஒரே காபி வித்த அன்னிக்கு அழுதுக்கிட்டு வந்த மகளுக்குத் தெம்பு சொல்லி மறுநாள் அனுப்பி வச்சதும் அம்மா. அவங்க தைரியத்தை நான் குறைச்சுச் சொல்லலை. அந்த அம்மாவுக்கும் ஒரு விருது கொடுத்திருக்கணும்னு சொல்றேன்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழி செஞ்சது. வட்டி ஓடிக்கிட்டுதான் இருந்தது, பல சின்னக் கடன்காரங்களுக்கு அது சரியாப் போய்ச் சேரலைன்னு குறையும் உண்டு. ஆனாலும் நாடு முழுக்கத் தவணையை நிறுத்தி வைக்க முடியும்னு அப்போ பார்த்தோம். கொரோனா திடீர்னு வந்தது. பிரசவத்துக்கு மாசக் கணக்குல முன்கூட்டியே தேதி தெரியும். மகளிர் குழுக் கடனுக்கும் சிறுகடனுக்கும் பிரசவத்துக்கு மூணு மாசத் தவணை விடுப்பு, அந்த மூணு மாசத்துக்குக் கூடுதல் வட்டி இல்லாம, குழுவில் மத்தவங்க தலையில ஏத்தாம. இதைக் கேட்டா "நடைமுறைக்கு ஒத்துவராது"ன்னு சொல்றவங்க அந்த ஆறு மாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

சட்டம் வர்ற வரைக்கும் கடையில உக்காந்திருக்கற தாய்மார்களுக்கு டாக்டரா சில வார்த்தை.

பால் கட்டினா அந்தப் பக்கம் கொடுக்கறதை நிறுத்தாதீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அழுத்தித் தேய்க்காதீங்க, குளிர்ந்த துணி வைங்க. காய்ச்சல் வந்தா, இல்ல ஒரு நாள்ல குறையலைன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க. தள்ளிப்போட்டா சீழ் பிடிக்கும், கீறி எடுக்கிற நிலைமை வரும். அந்தப் பெண் இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா அதுதான் நடந்திருக்கும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி பாலைப் பீய்ச்சி வச்சுட்டுப் போகலாம். 25 டிகிரியில நாலு மணி நேரம் தாங்கும்னு புத்தகத்துல இருக்கும். நம்ம ஊர்ல 25 டிகிரி எங்க இருக்கு? நேரா ஃப்ரிட்ஜ்ல வைங்க, நாலு நாள் வரைக்கும் வச்சிருக்கலாம். காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவ்ல வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில கிண்ணத்தை வச்சா போதும். பாலாடையில கொடுக்கலாம், பாட்டிகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

இதை அந்தப் பெண்கிட்ட சொன்னப்போ அவங்க சொன்னது: "ஃப்ரிட்ஜ் ரெண்டு இருக்கு டாக்டரம்மா. ரெண்டுலயும் மாவு."

மாதவரம்னாலே பால் பண்ணைதான். ஊருக்கே பாலைக் குளிர வச்சு அனுப்புற இடத்துல ஒரு குழந்தையோட பாலுக்கு ஒரு தட்டு இல்லை. வெளியில நின்னுக்கிட்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன். லாரி ஷெட்டுல வேலை, கெட்ட மனுஷன் இல்லை. "கடை அவளோடது சார், எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது"ன்னார். (பதட்டத்துல என்னையும் சார்னுட்டார்.) அந்தக் கடை காசுலதான் போன வருஷம் உங்க பைக் வந்ததாமேன்னு கேட்டேன். தலையைச் சொறிஞ்சார்.

பத்து நாள் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தாங்க. காய்ச்சல் இல்லை, வீக்கம் வடிஞ்சிருந்தது. இப்போ மாவு அரைச்சு டப்பா தூக்கறது அவர். காலையில ஏழு மணி வரைக்கும் அவர் கடையில உக்காருவார், அப்புறம் அவங்க வந்ததும் ஷெட்டுக்குக் கிளம்புவார். சில்லறை கொடுக்கறதுல தினமும் தப்பு பண்றாராம். திங்கக்கிழமைத் தவணை மட்டும் அப்படியேதான் போய்க்கிட்டிருக்கு.

கிளம்பும்போது அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "மேடம், தாய்ப்பாலை எந்தத் தட்டுல வைக்கணும்?"

மேல் தட்டு, உள்பக்கமா. கதவுல வைக்காதீங்க, திறந்து திறந்து மூடுறதுல சூடேறிடும்.