பழைய காருக்குப் பழைய குறையும் வேண்டுமா?

வில்வண்டியில் போனவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். சாதாரண மாட்டுவண்டியின் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கிப்போடும். வில்வண்டியில் அவ்வளவு இராது. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதே காரணம். லாரியின் பின்சக்கரத்துக்கு அருகே குனிந்து பார்த்தால் அதே பட்டை வில்லை இன்றும் காணலாம். இந்தக் கட்டுரையும் ஒரு பட்டை வில்லைப் பற்றியதுதான். ஆனால் அது இருப்பது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரில்.

அந்தக் காரின் பெயர் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை கோவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் உருவானது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிக்கொள்ளலாம். மூன்று லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்திருக்கிறார்கள். விலையும் குறைவு, அமைப்பும் எளிது. ஆகையால் பழைய ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பிரித்துப்போட்டு, ஓய்வு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிடுவது அங்கே பலருக்கு இன்றும் விருப்பமான வேலை.

அப்படிப்பட்டவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. 1970-க்கு முன் வந்த வண்டியின் பின்பக்கத் தொங்கமைப்பை, அதாவது பட்டறைகளில் சஸ்பென்ஷன் என்று சொல்லும் பகுதியை, பிரித்து மீண்டும் பூட்டுகிறோம். களைத்துத் தொய்ந்துபோன வில்லுக்குப் பதிலாக எதைப் போடுவது? வண்டி பிறந்தபோது இருந்த மாதிரி வில்லையா, பின்னாளில் அதே நிறுவனம் திருத்திச் செய்த வில்லையா? அசல் தன்மை கெடக்கூடாது, பழைய மாதிரியே வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று விளங்க, வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

லாரியின் இரு பின்சக்கரங்களையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாய்கிறது. ஸ்பிட்ஃபயரில் அப்படி இல்லை. நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி அடிச்சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் இரண்டு அரை அச்சுகள். ஒவ்வொரு அரை அச்சும் பெட்டியோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு மூட்டு. வெளிமுனையில் மூட்டு கிடையாது. சக்கரம் எப்போதும் அரை அச்சுக்குச் செங்குத்தாகவே நிற்கும். வில் ஒன்றே ஒன்று. அது பெட்டியின் தலைமேல் குறுக்காகக் கிடந்து, இரு முனைகளாலும் இரு சக்கரங்களைத் தாங்குகிறது.

உங்கள் கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கையை வெளிப்புறம் பார்க்க மடக்கி, அதில் ஒரு சாப்பாட்டுத் தட்டு ஒட்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது முழங்கையையும் மணிக்கட்டையும் அசைக்காமல் கையை மெல்லத் தாழ்த்துங்கள். தட்டின் கீழ்விளிம்பு உங்கள் உடலை நோக்கி உள்ளே வருகிறது அல்லவா? உங்கள் தோள்தான் மூட்டு, தட்டுதான் சக்கரம்.

இந்த அமைப்பு ஸ்பிட்ஃபயருக்கென்று புதிதாக வகுக்கப்பட்டதன்று. 1959-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஹெரால்டு என்ற குடும்பக் காரிலிருந்து எடுத்தாளப்பட்டது. ஹெரால்டு நமக்கு அந்நியமல்ல. 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அதைச் செய்தார்கள். சக்கரம் மாற்றுவதற்காகப் பின்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கிய ஹெரால்டு ஒன்றைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சக்கரம் முழங்கால் தட்டுகிறவனின் காலைப் போல உள்ளே மடங்கித் தொங்கியது. வண்டி உடைந்தே போயிற்று என்று அப்போது நினைத்தேன். அது உடையவில்லை, அதன் இயல்பே அதுதான்.

வடிவமைத்தவர்களைக் குறைசொல்லும் முன் அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கனமான பெட்டி சட்டத்தோடு நின்றுவிடுவதால் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் நிறை குறைகிறது. ஒரு சக்கரத்தின் குலுக்கல் மற்றதை நேரே தொடுவதில்லை. மூட்டுகள் இரண்டே போதும்; செலவும் குறைவு. நேரான சாலையில் நிதானமாகப் போகிறவருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது.

குறை தெரிவது வேகமாக வளையும்போது. இதற்கு ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் போதும். அதை விரித்து, முதுகு மேலே இருக்கும்படி மேசைமேல் கூரைபோலக் கவிழ்த்து வையுங்கள். கூரை மிகவும் தட்டையாக இருக்கட்டும். முதுகை ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, அட்டையின் ஓர் ஓரத்தை உள்நோக்கித் தள்ளுங்கள். மறு ஓரம் நகராதபடி சுவரிலோ புத்தக அடுக்கிலோ முட்டியிருக்கட்டும். முதலில் அசையாமல் அடம்பிடிக்கும். முதுகு சற்றே எழும்பியதும் அதே தள்ளுதலுக்கு மளமளவென்று ஏறிவிடும். உயர உயர, உயர்த்துவது எளிதாகிறது. இங்கே முதுகுதான் பல்சக்கரப் பெட்டி, அட்டைகள் அரை அச்சுகள், உங்கள் விரலின் அழுத்தம் வண்டியின் எடை.

வண்டி வளையும்போது சாலை டயரை வளைவின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அது வண்டியின் உட்புறம் நோக்கிய தள்ளுதல். அந்த விசை தரைமட்டத்தில் செயல்படுகிறது. மூட்டோ அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே விசைக்கு மூட்டைச் சுற்றி ஒரு திருப்புத்திறன் கிடைக்கிறது. சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கிறது. வண்டியின் பின்பாகம் மேலே எழும்புகிறது. உட்பக்கச் சக்கரத்திலோ இதே விசை பின்பாகத்தைக் கீழே இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்வதால் அவை சமமாக இருப்பதில்லை.

இந்த நேரத்தில் ஓட்டுபவர் பயந்துபோய் முடுக்கி மிதியிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பாகம் இலேசாகி உயர்கிறது. நோட்டுப் புத்தகத்தின் மேலிருந்த விரலைத் தளர்த்தியது போலத்தான். மடங்கிய டயர் தன் ஓரத்தில் மட்டும் தரையைத் தொட்டு, பிடிப்பை இழக்கிறது. வண்டியின் வால் வெளியே சுழல்கிறது. பயந்தவர் இயல்பாகச் செய்யும் செயலே ஆபத்தைப் பெரிதாக்குகிறது; இந்த அமைப்பின்மேல் என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

இது இரகசியமாக இருக்கவில்லை. இதே போன்ற பின் அமைப்புக் கொண்ட கார்வைர் என்ற அமெரிக்கக் காரைக் கண்டித்து ரால்ஃப் நேடர் எழுதிய நூல் 1965-இல் வெளிவந்தது. கார்வைர் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமில்லை என்று 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று கூறியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆனால் ‘மற்றவற்றைவிட மோசமில்லை’ என்பது ‘நன்றாக இருக்கிறது’ என்பதாகாதே!

ஹெரால்டு குடும்பம் இந்தக் குறைக்குக் கண்ட விடைகள் மூன்று. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 1966-இல் வந்த ஜிடி6 என்ற தம்பி வண்டிக்கு 1968-இல் கீழே இன்னொரு தாங்குகையும், அரை அச்சில் ரப்பரால் ஆன இரண்டாவது மூட்டும் கொடுத்தார்கள். நல்ல தீர்வு, ஆனால் செலவு மிகுந்தது. வண்டலூரில் நேர்மாறான வழியில் போனார்கள். 1970-களில் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் வண்டியில் அரை அச்சு ஊசலாட்டத்தையே கைவிட்டு, பழையபடி விறைப்பான ஒற்றை அச்சைப் போட்டுவிட்டார்கள்.

மூன்றாவது விடை ஸ்பிட்ஃபயருக்கு 1970-இல் கிடைத்தது. எட்டு ஆண்டு தாமதம்! வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பழைய வில்லின் பட்டைகள் எல்லாம் நடுவில் இறுக்கப்பட்டிருந்தன. புதிய வில்லில் ஒரு பட்டையைத் தவிர மற்றவை தராசுக்கோல் போல நடுவில் ஊசலாடலாம். இரு சக்கரங்களும் சேர்ந்து மேலே வந்தால் வில் முன்போலவே தாங்கும். வண்டி ஒருபுறம் சாய்ந்தால் மட்டும் பட்டைகள் தாமும் சாய்ந்து கொடுத்துவிடும். எதிர்ப்பு வெகுவாகக் குறையும். அதனால் வளைவில் பின்பக்கத்து வெளிச்சக்கரத்தின்மேல் கூடுதலாக விழும் எடை குறைகிறது. இரு சக்கரங்களின் விசைகளும் சமநிலைக்கு அருகில் வருகின்றன. பின்பாகத்தைத் தூக்கும் விசை சிறுத்துவிடுகிறது. சாய்வைத் தடுக்கும் பொறுப்பை முன்பக்கத்துக்கு மாற்றி, அங்கே குறுக்கே ஓடும் முறுக்குத் தண்டைத் தடிமனாக்கினார்கள். வில்லை மட்டும் வாங்கிப் பூட்டி, தண்டை மறந்துவிட்டு, வண்டி கப்பல் போலச் சாய்கிறதே என்று வருந்துகிறவர்களும் உண்டு. பாதித் திருத்தம் செய்தவர்கள் திருத்தத்தைப் பழிக்கக்கூடாது.

வீட்டில் செய்யும் வேலையிலும் இயற்பியல் ஒளிந்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக்கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சக்கரக் குடம் அச்சின் கூம்பு முனையில் பல ஆண்டு இறுகிப்போயிருக்கும். சுத்தியலால் அடித்து அச்சைக் கெடுப்பதைவிட, அதற்கென்று உள்ள இழுப்பான் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பலர் தவறுவது கடைசிக் கட்டத்தில். வில்லின் கண்களிலும் நீளவாக்கில் உள்ள தாங்கு தண்டுகளிலும் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. போல்ட்டை இறுக்கினால் உள்ளிருக்கும் எஃகுக் குழல் அசையாமல் பிடிக்கப்படும். அதன்பின் அசைவு முழுவதையும் ரப்பர் தன் முறுக்கத்தால்தான் ஏற்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும்; வண்டி நிற்கும்போதுகூட முறுக்கிய நிலையிலேயே கிடந்து விரைவில் கிழியும். சக்கரங்கள் தரையில் ஊன்றி, பாரம் முழுவதும் வில்லின்மேல் வந்த பிறகே கடைசி இறுக்கு. அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

அசல்வாதிகள் சொல்வதில் ஒன்றை நான் மதிக்கிறேன். 1962-இல் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதற்கு அந்த வண்டி ஒரு சான்று. திருத்தினால் சான்று அழிகிறது என்கிறார்கள். காட்சிச்சாலையில் நிற்கும் வண்டிக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் மழையில் நனைந்த சாலையில் பக்கத்து இருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்குப் பொருந்தாது. அந்த இருக்கையில் இருப்பவர் வரலாற்றுச் சான்றுக்குள் ஏறி உட்கார ஒப்புக்கொண்டவர் அல்லர். மேலும் இந்தத் திருத்தம் எங்கிருந்தோ வந்த ஒட்டு வேலையும் அன்று. அதே நிறுவனம், அதே வண்டிக்கு, தானே எழுதிக்கொண்ட பிழைதிருத்தம்.

கழற்றிய வில்லைக் காயலான் கடைக்குப் போடவேண்டியதில்லை. துரு நீக்கி, பட்டைகளுக்கு இடையே கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணி சுற்றி, எந்த ஆண்டு வண்டியிலிருந்து எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டிக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். அடுத்து வாங்குகிறவர் அசல்வாதியாக இருந்தால் அவரே அதைத் திரும்பப் பூட்டிக்கொள்ளட்டும்.