பூட்டே இல்லாத வீட்டுக்குக் கள்ளச்சாவி கேஸு

"யூடியூப்-டிஎல்லா? அது திருட்டு விசிடி கோஷ்டியோட சாமானாச்சே"ன்னு சர்வசாதாரணமா சொல்லிட்டுப் போறாங்க. விவரம் தெரியாதவங்க சொன்னா விட்டுடலாம். பொட்டி தட்டியே சோறு திங்கிறவங்களும் சொல்றாங்களே, அதான் கடுப்பு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க மக்கா.

2020 அக்டோபர் 23. அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ, கிட்ஹப்புக்கு ஒரு நோட்டீஸ் விட்டது. 2006-லிருந்து பல பேர் சேர்ந்து எழுதி வந்த யூடியூப்-டிஎல் நிரலும் அதன் நகல்களும் தூக்கப்பட்டன. சரி, அந்த நிரலுக்குள் யாருடைய பாட்டாவது இருந்ததா? ம்ஹூம், ஒரு மெட்டுகூட இல்லை. வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்திருந்த சோதனைக் கோப்பில் டெய்லர் ஸ்விஃப்ட், ஜஸ்டின் டிம்பர்லேக் வீடியோக்களின் முகவரி இருந்தது. அம்புட்டுதான். அந்தச் சோதனையை ஓட்டினாலும் சில நொடி வீடியோதான் இறங்கும்.

பின்னே எப்படித் தூக்கினார்கள்? விஷயமே இங்கேதான் இருக்கு. 1998-ல் அமெரிக்கா போட்ட டிஎம்சிஏ சட்டத்துக்கு ரெண்டு கை. ஒரு கை 512-ஆம் பிரிவு. "என் படைப்பை ஏத்தியிருக்கான், எடு" என்று உரிமையாளர் சொன்னால் எடுப்பார்கள். ஏற்றியவர் மறுத்து எழுதலாம். உரிமையாளர் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் 10-லிருந்து 14 வேலை நாளுக்குள் திரும்ப வைக்க வேண்டும். குறை இருந்தாலும், ரெண்டு பக்கமும் பேச வழி உண்டு.

இன்னொரு கை 1201. டிஜிட்டல் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்வதும் கொடுப்பதுமே குற்றம் என்கிறது. அந்தக் கருவியால் யாராவது எதையாவது திருடினார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. மறுத்து எழுதும் நடைமுறையும் இதற்குக் கிடையாது. ஆர்ஐஏஏ வீசியது இந்தக் கையை! (நம்ம ஊர்ச் சட்டத்தைக் கிண்டல் பண்றதே நமக்குப் பொழப்பு. ஆனா 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. நோக்கத்தைக் கேட்கணும்கிற புத்தியாவது நமக்கு இருந்திருக்கு.)

இதைவிடக் கூத்து ஒண்ணு. மூணு வருஷத்துக்கு ஒருதடவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் விதிவிலக்கு கொடுக்கும். பார்வையற்றவர்கள் மின்னூலை வாசித்துக் கேட்கப் பூட்டைத் திறந்துகொள்ளலாம் என்பது அதில் ஒன்று. அதையும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கேட்டு வாங்கணும். சரி, திறக்க அனுமதி கொடுத்தாச்சு. சாவி? அதைச் செய்து அவர்கள் கையில் கொடுக்க இந்த விதிவிலக்கில் இடமில்லை. என்னாங்க நியாயம் இது?

யூடியூப்புக்கே வருவோம். அங்கே பூட்டுன்னு ஒண்ணு இருந்ததா? நீங்கள் வீடியோ பார்க்கும்போது யூடியூப் உங்கள் உலாவிக்கு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை அனுப்புகிறது. அதை ஓட்டினால் வீடியோ இருக்கும் முகவரி கிடைக்கும். யூடியூப்-டிஎல் செய்ததும் அதையேதான். வாசலில் எழுதிப் போட்டிருப்பதைப் படிச்சவன் பூட்டை உடைச்சானாம்! இதைத்தான் ஈஎஃப்எஃப் வக்கீல்கள் கடிதமாக எழுதினார்கள். நவம்பர் 16-ஆம் தேதி கிட்ஹப் நிரலைத் திரும்ப வைத்தது. இப்படி மாட்டும் நிரலாளர்களின் வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலர் நிதியும் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் தளம், ஈஎஃப்எஃப் வக்கீல்கள் எல்லாம் இருந்தே 24 நாள். வீட்டு மூலையில் உட்கார்ந்து தனியா நிரல் எழுதுறவன் எங்கே போவான்?

அதோடு விட்டார்களா? சோனி, வார்னர், யுனிவர்சல் மூணு பேரும் ஜெர்மனியில் யூபர்ஸ்பேஸ் மேல் வழக்குப் போட்டார்கள். அது யூடியூப்-டிஎல்லின் முகப்புப் பக்கத்துக்கு இடம் கொடுத்த சின்ன நிறுவனம். நிரல் அங்கே இல்லை, கிட்ஹப்புக்கு ஒரு சுட்டிதான். 2023 மார்ச்சில் ஹாம்பர்க் நீதிமன்றம் யூபர்ஸ்பேஸுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, அந்த வருஷமே பக்கம் போச்சு. சுட்டி காட்டியதை வைத்திருந்தவன் குற்றவாளி, சுட்டி போய்ச் சேர்ந்த நிரல் கிட்ஹப்பில் பத்திரமா இருக்கு. தலை சுத்துதா?

சோனி என்றதும் 2005 ஞாபகம் வருது. சோனி பிஎம்ஜி விற்ற பாட்டு சிடிகளைக் காசு கொடுத்து வாங்கி விண்டோஸ் கணினியில் போட்டவர்களுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ரூட்கிட் உள்ளே இறங்கியது. அக்டோபர் 31-ஆம் தேதி மார்க் ருசினோவிச் அதைத் தோலுரித்தார். அப்புறம் ஆராய்ந்தவர்கள் அந்தக் காவல்கார மென்பொருளுக்குள் என்ன கண்டார்கள் தெரியுமா? எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்த லேம் நிரலின் துண்டுகள். கூடவே, யோன் யோகான்சன் எழுதிய ஜிபிஎல் நிரல்! டிவிடி பூட்டைத் திறக்கும் டீசிஎஸ்எஸ் 1999-ல் வெளிவந்தபோது, 15 வயசு நார்வே பையன் என்று பட கம்பெனிகள் புகார் கொடுத்து, வழக்கு நடந்து, 2003-ல் ரெண்டு தடவை விடுதலையானாரே, அதே யோகான்சன். அவர் நிரலையே உரிமத்தை மீறி எடுத்துப் போட்டு, அடுத்தவன் கணினிக்குப் பூட்டு மாட்டியிருக்காங்க. இவங்கதான் நமக்குத் திருட்டைப் பத்திப் பாடம் எடுக்குறாங்க.

"அப்போ உனக்குப் பதிப்புரிமையே வேண்டாமா" என்று கிளம்பாதீர்கள். ஜிபிஎல் நிற்பதே பதிப்புரிமை மேல்தான். ஜேக்கப்சன் வழக்கில் 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறமூல உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே பார்க்கப்படும் என்றது. நமக்கும் அந்தத் தடி இருக்கு. எப்படிச் சுழற்றினோம்? லிங்க்சிஸ் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸைப் போட்டு மூலநிரல் தராமல் விற்றபோது, யாரும் போய் ரவுட்டர் கடைக்கு ஷட்டர் இறக்கலை. நிரலைக் கொடு என்று நச்சரித்தார்கள், 2003-ல் கொடுத்தான். அதை வைத்து 2004-ல் ஆரம்பித்த ஓப்பன்டபிள்யூஆர்டி, கம்பெனிக்காரன் கைகழுவின எத்தனையோ ரவுட்டர்களில் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு.