துணை நிற்கக் கற்போம்

ஓடுகிறவரைப் பற்றி எழுதுவோர் பலர். அவருக்காகப் பாதையோரத்தில் தண்ணீர்ப் புட்டியோடு காத்து நிற்கிறவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவனாக இன்று பேனா எடுக்கிறேன். பெருமை பேசவன்று, செய்த பிழையைச் சொல்ல.

என் தமக்கை பெங்களூரில் வேலை பார்க்கிறவள். சென்ற ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில், சிக்கமகளூர்ப் பக்கத்து மலைகளில் நடந்த 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டாள். இந்தியாவில் காப்பி முதன்முதல் ஊன்றப்பட்ட இடம் என்று சொல்லப்படும் பாபா புடன் மலைத்தொடரை அண்டிய நாடு அது. தார்ச் சாலை ஓட்டமன்று. காப்பித் தோட்டத்து வண்டிப் பாதை, மரங்களுக்கிடையே ஒற்றையடித் தடம், வழுக்கும் செம்மண், காலைக் கவ்வும் அட்டை - இவற்றினூடே ஏறியும் இறங்கியும் ஓட வேண்டும். இருபது கிலோமீட்டராக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உதவி நிலையம். அங்கே மட்டும் வீட்டார் ஒருவர் நின்று உணவும் நீரும் கொடுக்கலாம். அந்த ஒருவன் நான்.

"பஸ் போகிற ஊருக்கு ஓடுவானேன்?" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்தார்கள். "பொம்பளப் புள்ள, காட்டுல, ராத்திரியில... எதுக்குடா இது?" என்று சேலத்திலிருந்து அம்மா கேட்டாள். ஆண் பிள்ளை மைதானத்துக்குப் போனால் வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் நாட்டில், பெண் ஒருத்தி ஓடத் தம்பி தண்ணீர் தூக்கினால் என்ன குறைந்துவிடும் என்று இரு தரப்பாரிடமும் வாதாடினேன். அந்த வாதத்தை இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொடுக்க முன்வந்த எனக்கு, எப்போது கொடுக்கக் கூடாது என்பது தெரிந்திருக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. நாள் முழுவதும் தூறல், குளிர் காற்று, வியர்வை குறைவு. முதற் சுற்றை முடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். புட்டியை நீட்டினேன். "தாகமே இல்லடா" என்றாள். தாகம் வருமுன்பே குடித்துவிட வேண்டும் என்று எங்கோ கேட்டதை வேதவாக்காக எடுத்துச் சொல்லிக் குடிக்க வைத்தேன். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்று முடிந்து மாலை ஆறரை மணிக்கு வந்தபோது முகம் உப்பியிருந்தது. தலை வலிக்கிறது என்றாள், குமட்டுகிறது என்றாள். கைக்கடிகார வார் தோலில் பதிந்து கிடந்தது. மோதிரம் விரலை இறுக்கியிருந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு இன்னொரு புட்டியைத் திறந்தேன். "இன்னும் இருபதுதான் அக்கா, விட்டுடாதே!" என்று கத்தவும் செய்தேன்.

அங்கிருந்த மருத்துவர் என் கையிலிருந்த புட்டியை வாங்கிக் கீழே வைத்தார். எவ்வளவு குடித்தாள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் - இரண்டே கேள்வி. முதற் கேள்விக்கு என்னிடம் கணக்கில்லை. இரண்டாவதற்கு அவளிடம் தெளிவான விடையில்லை. அன்று என்ன கிழமை என்று கேட்டதற்கும் தடுமாறினாள். அத்தோடு ஓட்டம் முடிந்தது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது சோடியம் 126 என்று வந்தது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது அது. செறிந்த உப்புக் கரைசலை ஏற்றினார்கள். இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

நண்பர்களே, நான் இரசாயனத்தில் முதுகலை படிக்கிறவன். கரைசலில் நீரைச் சேர்த்தால் செறிவு குறையும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நெடுநேரம் உழைக்கும் உடலில் ஒரு ஹார்மோன் சுரந்து, சிறுநீரகம் நீரை வெளியேற்றுவதைக் குறைத்துவிடுகிறது. அந்த வேளையில் தாகத்துக்கு மேல் குடித்த நீர் போக வழியின்றி இரத்தத்தில் தங்கி, உப்பைத் தளர்த்தி, உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் இடம் ஏது? உயிரே போகலாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களுள் 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது மிகுதி. ஓடியவர் இளைக்காமல் எடை கூடுவது எதனால்? குடித்த நீரால்! வெயில் நாளில் நீர் வற்றுவதும் ஆபத்தே. ஆகவேதான் உடலின் தாகத்தைக் கேட்க வேண்டும். தம்பியின் அதட்டலைக் கேட்கக் கூடாது.

எனக்கு அன்பு குறைவா? இல்லை. படிப்புக் குறைவா? அதுவும் இல்லை. பின் எங்கே தவறினேன்? எதிரில் நின்ற அக்காவை நான் பார்க்கவில்லை. எண்பதாவது கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதிக்குத் திரும்பிச் சொல்லப்போகும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஓட்டத்தில் என்னுடைய வீம்பு ஏறி உட்கார்ந்துகொண்டது.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்து மலைகளில் 100 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடந்தது. நடுவழியில் திடீரென்று மழையும் ஆலங்கட்டியும் கடுங்காற்றும் தாக்க, மெல்லிய உடையில் ஓடியவர்களுள் 21 பேர் குளிரில் மாண்டார்கள். ஆடு மேய்க்க வந்து குகையில் ஒதுங்கியிருந்த ஒருவர், தட்டுப்பட்ட ஓட்டக்காரர் அறுவரை அந்தக் குகையில் சேர்த்து, தீ மூட்டி, போர்வை கொடுத்துக் காப்பாற்றினார். யார் முதலில் ஓடுகிறார், எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்ற கணக்கு அங்கே எழவில்லை. நடுங்கும் உடலை அவர் கண்டார். அதற்கு வேண்டியதைச் செய்தார். துணை என்றால் அதுதான் துணை.

"ஓராண்டு பாடுபட்டுப் பயின்றவளை நிறுத்த நீ யார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடுத்ததற்கெல்லாம் பயந்து 'போதும்' என்கிறவனும் நல்ல துணையல்லன். நம் வீடுகளில் பெண்களைப் பாசத்தின் பெயரால் நிறுத்தி வைத்தது போதாதா? ஆனால் கிழமை தெரியாமல் தடுமாறும் மனத்திடம் ஓடலாமா வேண்டாமா என்று கேட்பதும் முறையன்று. அந்த முடிவை முன்பே, இருவர் தலையும் தெளிவாக இருக்கும்போது, ஓடுகிறவரே எடுத்து வைக்க வேண்டும். துணைக்கு வருகிறவர் அதைக் காக்க வேண்டும்.

இவ்வாண்டு அக்கா மறுபடியும் ஓடப்போகிறாள். ஒரு தாளில் எழுதிவிட்டோம். தாகம் எடுத்தால் குடிப்பது. குடித்த அளவை நான் குறித்து வைப்பது. கை வீங்கினாலோ வாந்தி வந்தாலோ மருத்துவரிடம் காட்டுவது. பேச்சுத் தடுமாறினால் எண் அட்டையை நான் கழற்றுவது. அவள் எதிர்வாதம் செய்யாமல் இருப்பது. கையெழுத்துப் போடுமுன் அடியில் ஒரு வரி தன் கையால் சேர்த்தாள்: "சும்மா பயந்து நிறுத்தினா, அடுத்த வருஷம் நீ ஓடணும், நான் தண்ணி தூக்குவேன்."

நம் விடுதிகளிலும் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் ஆண்டுக்கணக்காக முட்டி மோதி, உறக்கமும் உணவும் கெட்டு நம்மிடம் வந்து நிற்கிறார்கள். "இன்னும் ஒரு வருஷந்தான், விட்டுடாதே!" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறோம். முகத்தைப் பார்த்தோமா? தட்டுவது எளிது, பார்ப்பது அரிது. பார்க்கக் கற்போம்.

இம்முறை அக்கா உதவி நிலையத்துக்கு வரும்போது எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று சொல்லமாட்டேன். முதலில் கையை வாங்கி மோதிரத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பிறகு கேட்பேன்: "அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"