தளையும் முதலாளியும்

சினிமாவையும் டெலிவிஷன் தொடரையும் ஒட்டி எழுதப்படும் விஞ்ஞான நாவல்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்ராயங்கள் உலவுகின்றன. அவை நாவல்களே அல்ல, பொம்மையோடும் பனியனோடும் சேர்த்து விற்கப்படும் சரக்கு என்பது ஒன்று. மற்றது கொஞ்சம் படித்தவர்களுடையது. கட்டுப்பாடு கலைக்கு விரோதம் அல்ல, வெண்பாவுக்குத் தளை இருப்பதுபோல் இவற்றுக்கும் ஒரு தளை இருக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். முதலாவது படிக்காமலே சொல்லப்படுவது. இரண்டாவது படித்தும் யோசிக்காமல் சொல்லப்படுவது. இந்த நாவலில் தீர்மானிக்கிறவர் யார் என்ற கேள்வியை இரண்டுமே தட்டிக் கழிக்கின்றன.

வசதிக்காக இவற்றை ஒட்டு நாவல் என்கிறேன். ஒட்டுச்செடியில் வேர் ஒன்றுடையது, பழம் வேறொன்றுடையது. பழத்தைத் தின்று பார்க்காமல் வேரை முகர்ந்து தீர்ப்புச் சொல்வதுதான் இன்று விமர்சனமாக நடந்துகொண்டிருக்கிறது.

சரக்கு என்று ஒதுக்குபவர்கள் ஜேம்ஸ் பிளிஷ்ஷை என்ன செய்வார்கள்? 1956ல் பென்சில்வேனியாவில் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் டேமன் நைட், ஜூடித் மெரில் ஆகியோருடன் சேர்ந்து, எழுத்தாளர்களே ஒருவர் கைப்பிரதியை மற்றவர் அறுத்துப் பார்க்கும் கூட்டத்தைத் தொடங்கியவர் அவர். வில்லியம் ஏதெலிங் என்ற புனைபெயரில் சக எழுத்தாளர்களின் அசட்டு வாக்கியங்களைத் தயவில்லாமல் சுட்டிக்காட்டினார். அந்தக் கட்டுரைகள் 1964ல் 'தி இஷ்யூ அட் ஹாண்ட்' என்று புத்தகமாயின. விஞ்ஞானக் கதைக்கு விமர்சனப் பிரக்ஞை ஊட்டியவர்களில் முன்வரிசைக்காரர். இதே பிளிஷ்தான் 1967லிருந்து 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் திரைக்கதைகளைச் சிறுகதைகளாக மாற்றித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1970ல் அதே தொடரை ஒட்டி 'ஸ்பாக் மஸ்ட் டை!' என்ற நாவலையும் எழுதினார்.

அந்தத் தொடரில் ஆட்களை ஓரிடத்தில் கரைத்து இன்னோரிடத்தில் உருவாக்கும் யந்திரம் ஒன்று உண்டு. வாராவாரம் விண்கப்பலைத் தரையிறக்கிக் காட்டச் செலவு கட்டாது என்பதால் வந்த யந்திரம் அது. அதாவது கணக்குப் பிரிவு செய்த கற்பனை. பிளிஷ் அதை எடுத்துக்கொண்டு, கரைந்தவனும் உருவானவனும் ஒரே ஆள்தானா, ஆத்மா என்று ஒன்று இருந்தால் அது எந்த வழியாகப் போயிற்று என்று கேட்கிறார். 1959ல் ஹ்யூகோ பரிசு பெற்ற 'எ கேஸ் ஆஃப் கான்ஷன்ஸ்' நாவலில் ஒரு ஏசுசபைப் பாதிரியாரைக் கொண்டு விசுவாசத்தைத் துருவிய அதே மனம்தான் இங்கும் வேலை செய்கிறது. நாவல் முழுவதும் அந்தத் தளத்தில் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் சிக்கன யந்திரத்தைத் தத்துவப் பிரச்னையாக்கியது ஒரு சிருஷ்டித் தீர்மானம். அதை எந்த உரிமைக்காரரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இனி பட்டறை. மில்ஃபோர்ட் வழிமுறையைத்தான் 1968ல் ராபின் ஸ்காட் வில்சன் கிளாரியன் அரசுக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மாணவர்களுக்கான பட்டறையாக்கினார். ஆறு வாரம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கதையைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் எல்லோரும் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இதிலிருந்து வந்தவர்கள் சாமான்யர்கள் அல்ல. ஆக்டேவியா பட்லரும் வோண்டா மக்கின்டையரும் 1970ல் அங்கே மாணவர்கள். பட்டறையைக் கேலி செய்து பெயர் வாங்கும் உத்தேசம் எனக்கில்லை.

ஆனால் பட்டறைக்கு என்ன தெரியும் என்பதில் பம்மாத்து வேண்டாம். அது குற்றங்களுக்குப் பெயர் சூட்டத் தெரிந்த இடம். டெக்சாஸ் ஆஸ்டினில் கூடிய டர்க்கி சிட்டிப் பட்டறைக்காரர்கள் விஞ்ஞானக் கதைகளில் வரும் கோளாறுகளுக்கெல்லாம் ஒரு அகராதியே தொகுத்துவிட்டார்கள். இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை வாசகனுக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பாத்திரங்கள், 'சொன்னான்' என்று போடக் கூசி 'முழங்கினான்', 'கர்ஜித்தான்' என்று அலையும் வசனம், இப்படி. உபயோகமான நோய்ப் பட்டியல். ஆனால் நோய்ப் பட்டியலிலிருந்து ஒரு ஆளைச் செய்துவிட முடியாது. குற்றம் என்பது வட்டத்தில் இருக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. தீர்மானம் என்பது அவர்கள் ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் ஒருவர் தனியாக எடுப்பது. தலையசைப்புக்குப் பழகிய காது கொஞ்ச நாளில் தனக்குத்தானே தலையசைக்கக் கற்றுக்கொள்கிறது. உரிமைக்காரரின் தணிக்கையாவது கடிதத்தில் வருகிறது. பட்டறையின் தணிக்கை எழுதுபவனின் சொந்தக் குரலிலேயே பேசுகிறது. எது சுதந்திரம், எது சரக்கு என்று அட்டையைப் பார்த்துச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மக்கின்டையர் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். கிளாரியனில் படித்துவிட்டு 1971ல் சியாட்டிலில் அதன் மேற்குக் கிளையை நிறுவினார். பட்டறையில் கிடைத்த ஒரு பயிற்சியிலிருந்து பிறந்த கதை 1978ல் 'ட்ரீம்ஸ்னேக்' நாவலாக வளர்ந்து ஹ்யூகோ, நெபுலா இரண்டையும் வாங்கியது. அதற்குப் பிறகுதான் 1981ல் 'தி என்ட்ரபி எஃபெக்ட்' என்ற ஸ்டார் ட்ரெக் நாவலை எழுதினார். டெலிவிஷனில் சூலு என்ற குடும்பப் பெயரோடு மட்டும் கப்பலோட்டிக்கொண்டிருந்த ஆசியப் பாத்திரத்துக்கு அதில் ஹிகாரு என்று ஒரு சொந்தப் பெயர் வைத்தார். 1982ல் இரண்டாவது சினிமாவை நாவலாக்கினபோது, திரையில் தலைகீழாகத் தொங்கும் பிணங்களாக மட்டுமே காட்டப்பட்ட விஞ்ஞானிகளை எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு நட்பும் கேலியும் வேலையும் கொடுத்து, அதன் பிறகே சாகவிட்டார். காமிரா எங்கே திரும்பவில்லையோ அங்கே போய் நிற்பது என்ற தீர்மானம் இது. சாவுக்கு ஒரு கனம் வருகிறது. கதை மாறவில்லை, கதையின் நியாயம் மாறிவிடுகிறது. இதைச் சரக்கு என்று சொல்பவர் நாவல் என்று எதைச் சொல்வாரோ தெரியவில்லை.

1991ல் வந்த ஆறாவது சினிமாவில் ஹிகாரு என்ற பெயர் திரையிலேயே உச்சரிக்கப்பட்டது. பெயர் வைத்தவர் மக்கின்டையர். பெயர் யாருடைய சொத்து என்றால், ஸ்டூடியோவினுடையது. இங்கேதான் வெண்பாக்காரர்களுடன் எனக்குத் தகராறு.

வெண்பாவின் தளை எழுதுபவனைக் கட்டுகிறது, சரி. ஆனால் தளைக்கு முதலாளி கிடையாது. பிழையில்லாத ஒரு வெண்பாவை முப்பது வருஷம் கழித்து, இது இனி வெண்பா அல்ல என்று யாரும் சுற்றறிக்கை விட்டுத் தள்ளிவைக்க முடியாது. ஒட்டு நாவலில் முடியும். 2014 ஏப்ரலில் லூகாஸ் ஃபிலிம் செய்தது அதைத்தான். அதுவரை பல பத்தாண்டுகளாக எழுதப்பட்ட 'ஸ்டார் வார்ஸ்' நாவல்களெல்லாம் இனி மெய்யான கதையில் சேராது, 'பழங்கதை' என்ற பெயரில் விற்கப்படும் என்று அறிவித்தது. 1991ல் டிமோத்தி ஜான் எழுதிய நாவல் இப்படித் தள்ளப்பட்டது. ஆனால் அதில் அவர் படைத்த த்ரான் என்ற தளபதியை 2016ல் ஒரு டெலிவிஷன் தொடருக்கு எடுத்துக்கொண்டார்கள். நாவல் வேண்டாம், ஆள் மட்டும் வேண்டும். யாப்பு எந்தக் காலத்தில் இப்படி நடந்துகொண்டது?

ஆலன் டீன் ஃபாஸ்டரின் விவகாரம் இன்னும் பச்சையானது. சினிமாவுக்கு முன்பே 1976ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' நாவலை எழுதியவர் அவர். அட்டையில் இருந்த பெயர் ஜார்ஜ் லூகாஸ். 1992ல் 'ஏலியன் 3' படத்தை நாவலாக்கியபோது, முந்தின படத்தில் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றப்பட்ட சிறுமியை ஆரம்பத்திலேயே சாகடிப்பதை ஏற்காமல் அவளைப் பிழைக்கவைத்தார். தயாரிப்பாளர் தரப்பு மறுத்துவிட்டது. சினிமாப்படியே அவள் செத்தாள். 2020ல், உரிமைகளை வாங்கிய டிஸ்னி நிறுவனம் தன் பழைய நாவல்களுக்கு ராயல்டி தரவில்லை என்று அவரும் அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கமும் பகிரங்கமாகப் புகார் சொல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டில் சமரசமானது.

வங்கியில் வவுச்சர் எழுதுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் இன்னொருவர். இரண்டு கையெழுத்தும் தாளில் இருக்கும். தப்பு வந்தால் எது யாருடையது என்று பார்த்துவிடலாம். ஒட்டு நாவலில் பாஸ் செய்தவரின் கையெழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறுமியின் சாவு எழுத்தாளர் கணக்கில் எழுதப்படுகிறது. ஹிகாரு என்ற பெயர் ஸ்டூடியோ கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

ஆகவே, கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்ற தர்க்கம் வீண். கட்டுப்பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறாரா, அவர் திரும்பி வந்து தீர்மானத்தை ரத்து செய்ய முடியுமா என்பதே கேட்கப்பட வேண்டியது. இதைக் கேட்காத விமர்சனம் ஒட்டு நாவலைத் திட்டினாலும் புகழ்ந்தாலும் முதலாளிக்கே சேவகம் செய்கிறது. திட்டும்போது உழைத்த எழுத்தாளரை மறைக்கிறது. புகழும்போது முதலாளியை யாப்பிலக்கணமாக வேஷம் கட்டிவிடுகிறது.

பட்டறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'முழங்கினான்' என்று எழுதாதே என்று ஆறு வாரம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நல்லது. எதை மறுப்பது, எந்த இடத்தில் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புவது என்பதற்கு ஒரு நாளாவது ஒதுக்கப்படட்டும். வட்டத்தில் வாய் மூடி உட்காரக் கற்றவர் உரிமைக்காரர் முன்னாலும் அப்படியே உட்கார்ந்துவிடக் கூடாது. மூன்றாவது ஏலியன் நாவலில் பட்டதற்குப் பிறகு, அடுத்த படத்தை எழுதக் கேட்டபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக ஃபாஸ்டரே சொல்லியிருக்கிறார். அந்த மாட்டேன், அவர் எழுதிய எந்தப் பக்கத்துக்கும் குறையாத ஒரு சிருஷ்டித் தீர்மானம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் அந்த நாவல்களைப் படித்துவிட்டு வந்து மறுக்கட்டும்.