வீட்டுக்காரர் மேல் புகார் செய்வது வம்பா?

"வாடகை வீட்டில் இருக்கப் போகிறாய். வாயை மூடிக்கொண்டு இரு. வீட்டுக்காரரோடு வம்பு வைத்துக்கொள்ளாதே."

அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் புத்திமதி இது. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் போகிற ஊர் குளிர் ஊராக இருந்தால், இந்தப் புத்திமதி உயிருக்கே உலை வைத்துவிடும்.

நம் ஊரில் வீட்டுக்காரர் கூரையைப் பழுது பார்க்காவிட்டால் மழைக்கு ஒழுகும். கீழே ஒரு அண்டாவை வைத்து ஒருவாறு சமாளித்துவிடலாம். நியூயார்க் நகரில் அப்படிச் சமாளிக்க முடியாது. ஜனவரி மாதத்தில் அங்கே தண்ணீர் உறையும். அடுக்கு மாடி வீடுகளில், பெரும்பாலும், அறையைச் சூடாக வைத்திருப்பது குடித்தனக்காரர் கையில் இல்லை. கட்டிடத்தின் அடியில் ஒரு பெரிய கொதிகலன் இருக்கும். அதிலிருந்து நீராவியோ வெந்நீரோ குழாய் வழியாக மேலே ஏறும். ஒவ்வொரு அறையிலும் இருக்கிற இரும்புக் கணப்பு அதனால் சூடாகும். கொதிகலனின் சாவி வீட்டுக்காரரிடம். அவர் அதைக் கவனிக்காமல் விட்டால் அத்தனை மாடிகளும் விறைக்கும்.

குளிரில் விறைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கடைக்குப் போய் மின்சாரக் கணப்பு ஒன்று வாங்கி வருவார்கள். இரவும் பகலும் ஓட்டுவார்கள். இன்னும் சிலர் சமையல் வாயு அடுப்பைப் பற்றவைத்து அதிலே குளிர் காய்வார்கள். அது சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கிளம்பும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. முதலில் தலை வலிக்கும். பிறகு மயக்கம் வரும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

பதினேழு உயிர்கள்

2022ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டிடம் ஒன்று. ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல அதில் குடியிருந்தன. கீழ் மாடி வீடு ஒன்றில் பழுதான மின்சாரக் கணப்பிலிருந்து தீப்பிடித்தது. அந்தக் கணப்பு பல நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது என்று தீயணைப்பு அதிகாரிகள் சொன்னார்கள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் வெளியே ஓடித் தப்பினார்கள். அங்கே வீட்டுக் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தீயும் புகையும் ஒரே வீட்டுக்குள் அடைபடுவதற்காக அந்த ஏற்பாடு. அன்று அந்தக் கதவு மூடவில்லை. தீ அதிக தூரம் போகவில்லை. புகைதான் போனது. படிக்கட்டு வழியாக மேல் மாடிகளுக்கெல்லாம் ஏறியது. 17 பேர் மாண்டார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

கட்டிடத்தின் கணப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்றார்கள் அதிகாரிகள். அது போதவே இல்லை, குளிர் தாங்காமல்தான் மின்சாரக் கணப்பு வைத்தோம் என்றார்கள் குடியிருந்தவர்கள். அபாய மணி அடித்ததாம். ஆனால் அது அடிக்கடி காரணம் இல்லாமல் அடிக்கிற மணி. அதனால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மூடாத கதவு, வீணாய் அடிக்கிற மணி. தனித் தனியாகப் பார்த்தால் "இதற்கெல்லாம் போய்ப் புகாரா?" என்று தோன்றும். சின்னப் பழுது என்று நாம் நினைப்பதன் விலை அன்றைக்குத் தெரிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்காரர் கணப்புக் கொடுத்தாக வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால், வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் 62 டிகிரி. (இது பாரன்ஹீட் கணக்கு. 68 என்பது நமது செல்சியஸ் கணக்கில் 20.) குறைந்தால் 311 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நகரத்தின் வீட்டு வசதி இலாகா முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிடும். அதற்கும் சூடு வராவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்ப்பார். வீட்டுக்காரர் அசையாவிட்டால் நகரமே ஆள் வைத்துப் பழுது பார்த்து, செலவை அவர் தலையில் கட்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பலர் வாய் திறப்பதில்லை? "காலி செய்" என்ற ஒரு சொல்தான் காரணம். இந்தப் பயம் நீங்காதவரை, கணப்புச் சட்டம் காகிதத்தில்தான் சூடாக இருக்கும் என்பேன் நான்.

எட்வர்ட்ஸ் அம்மாள் வழக்கு

இந்தப் பயத்தை முதலில் அசைத்தவர் ஒரு பெண்மணி. பெயர் எட்வர்ட்ஸ். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1965ஆம் ஆண்டு ஒரு வீட்டுக்கு மாத வாடகைக்குக் குடி வந்தார். வீட்டில் சுகாதாரக் கேடுகள். வீட்டுக்காரர் சரி செய்யவில்லை. அந்த அம்மாள் நகர இலாகாவில் போய்ச் சொன்னார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, 40க்கு மேற்பட்ட குறைகள்! எல்லாவற்றையும் சரி செய் என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்தார்? 30 நாளில் காலி செய் என்று எட்வர்ட்ஸ் அம்மாளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்.

அந்நாளைய சட்டப்படி அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கீழ்க் கோர்ட்டுகள் வீட்டுக்காரர் பக்கம் நின்றன. அம்மாள் விடவில்லை. மேல் கோர்ட்டுக்குப் போனார். 1968ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் ஸ்கெல்லி ரைட் என்ற நீதிபதி. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கலாம். ஆனால் குடித்தனக்காரர் அதிகாரிகளிடம் புகார் செய்தார் என்பதற்காகப் பழி வாங்கி வெளியேற்ற உரிமை இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. புகார் செய்கிறவரைத் தெருவில் நிறுத்தலாம் என்றால் யார்தான் புகார் செய்வார்? யாரும் செய்யாவிட்டால் சுகாதார விதி எதற்கு? இந்தச் சாதாரணக் கேள்விக்கு அதுவரை சட்டத்தில் பதில் இல்லாமல் இருந்தது!

இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பாதுகாப்பு உண்டு. நியூயார்க் மாநிலம் 2019இல் அதைப் பலப்படுத்தியது. நியாயமான புகார் கொடுத்து ஓர் ஆண்டுக்குள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், அது பழி வாங்கும் வேலை என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. "வாடகை கொடுக்காமல் இருப்பதற்காகவே சிலர் புகார் எழுதுகிறார்கள். எண்ணெய் விற்கிற விலையில் கொதிகலனை எப்படி ஓட்டுவது?" என்கிறார்கள். முதல் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வாடகை பாக்கிக்காக வழக்குப் போடுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லையே! இரண்டாவது பேச்சு எடுபடாது. சூடு இல்லாத வீட்டுக்கு யாராவது முழு வாடகை பேசுவார்களா? சூட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குகிறார்.

எடுத்த எடுப்பில் 311க்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஆனால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க் கைமாற்றுக்கு நாம் நோட்டுப் போட்டு வைப்பதில்லையா? ஒரு வெப்பமானி வாங்கி மாட்டி, எந்த நாள், எந்த மணிக்கு எத்தனை டிகிரி என்று குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு புகார் செய்யுங்கள். ஒருவர் தனியாகச் சொன்னால் வீட்டுக்காரர் அவரைக் குறி வைப்பார். பத்து வீடு சேர்ந்து சொன்னால் யாரைக் குறி வைப்பார்? விஷவாயு என்று சந்தேகம் வந்தால் மட்டும் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே வெளியே வந்து 911க்குப் போன் செய்ய வேண்டும்.

நியூயார்க் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வீட்டுக்காரர் தாமும் அதே கட்டிடத்தில் குடியிருந்து, அதில் நான்குக்குக் குறைவான வீடுகளே இருந்தால், பழி வாங்குவதைத் தடுக்கும் அந்தச் சட்டம் செல்லாது. கணப்பு விதி அங்கேயும் உண்டு. ஆனால் அதைக் கேட்கிறவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை! ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களுக்குள் மனக்கசப்பு வந்தால் சேர்ந்து வாழ்வது கஷ்டம் என்று வாதிடலாம். வாஸ்தவம்தான். ஆனால் புதிதாகப் போகிற மாணவனும் ஏழைத் தொழிலாளியும் அப்படிப்பட்ட சிறு வீடுகளில், வாடகை குறைவு என்று, அடித்தள அறையிலே போய்த் தங்குகிறார்கள். பல வீடுகளில் கொதிகலனும் அதே அடித்தளத்தில்தான் இருக்கிறது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவரைச் சட்டம் வெளியே நிறுத்துகிறது. மாநிலச் சட்டசபை இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்வரை, பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் "வம்பு வேண்டாம்" என்பதை விட்டுவிட்டு, வீடு பார்க்கும்போதே நாலு கேள்வி கேட்கச் சொல்லட்டும். கட்டிடத்தில் எத்தனை வீடுகள்? வீட்டுக்காரர் எங்கே குடியிருக்கிறார்? கொதிகலன் எங்கே இருக்கிறது? படுக்கும் அறைக்கு 15 அடிக்குள் விஷவாயுவைக் கண்டு ஒலிக்கும் கருவி வைக்க வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறதே, அது மாட்டியிருக்கிறதா?